கீழ்த் தட்டு எலிகள்

"பொய்யா சொல்றேன் டாக்டரம்மா? எடை போடுற நாள் வந்தாலே கீழ்த் தட்டுல இருக்கிறதுங்க மூலையில ஒண்டிக்கும்."

"மேல் தட்டு?"

"அதுங்க ராஜா வீட்டுப் பிள்ளைங்களாச்சே. தராசுல வெச்சாத்தான் முழிச்சுக் கத்தும்."

கூண்டுகளைப் பராமரிக்கும் அவரை அந்த ஆய்வுக்கூடமே எலி மாமா என்றுதான் கூப்பிடும். வாய் ஓயாத மனிதர். அவர் பேச்சில் பாதியை, அந்த எலிகளை வைத்து ஆய்வு நடத்தும் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

மேல் தட்டில் இருந்தவை, மன அழுத்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைக் கொழுப்புத் திசுவிலிருந்து நீக்கிய எலிகள். கீழே சாதாரண எலிகள். இரண்டுக்கும் ஒரே கொழுப்புத் தீனி. பன்னிரண்டு வாரத்தில் கீழே இருந்தவை பந்தாக உருண்டன. மேலே இருந்தவை அவ்வளவாக ஊதவில்லை. எல்லாம் ஏற்பியின் வேலை என்று முடிவுரைகூட எழுதிவிட்டாள்.

ஆனால் அவளுக்கு முதுகுவலி. குனிவதைத் தள்ளிப்போட்டு, வாராவாரம் மேல் தட்டை முடித்த பிறகே கீழ்த் தட்டை எடை போட்டாள். அந்தக் கீச்சொலியைக் கேட்டபடி கீழே இருந்தவை ஒரு மணி நேரம் நடுங்கிக் கிடந்திருக்கின்றன. பயந்தாலும் அதே ஹார்மோன் ஊறும், உடம்பு ஊதும். கொழுக்க வைத்தது ஏற்பியா, அந்தப் பயமா? இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா மாமா?"

"அஞ்சாவது வாரமே சொன்னேனே. 'உம்'னீங்க."

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கையுறையை உருவிக் குப்பையில் போட்டாள்.

"விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது? எலி வாயைத் திறக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே மாமா. அதான் தொல்லை."

முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது எலிகள், இரண்டு தட்டிலிருந்தும் மாற்றி மாற்றி எடை.

தாழ்வாரத்துக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள். ஆய்வு முடியும்வரை என்று மகளை அங்கே விட்டு மூன்று மாதம் ஆகிறது. சனிக்கிழமை கூட்டி வருவதாகப் பேச்சு.

எடுத்தது மகள்தான். "அம்மா, பையில எல்லாம் வெச்சாச்சு. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட!"

"அப்போ காலையில எதால தேய்ப்பே, மக்கு?"

"விரலால!"

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு நாளா இவ ஆட்டம் தாங்கலடி. எத்தனை மணிக்கு வர்றே?"

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"அக்கா... இன்னும் ஒரு பன்னிரண்டு வாரம் அவ உன்கிட்டயே இருக்கட்டுமா?"