குமிழியின் சுவர்

துறைக் கருத்தரங்கில் கணவனின் உரை முடிந்து, நன்றி சொல்லும் கடைசிப் பக்கம் திரையில் வந்தது. அதில் தன் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பயனுள்ள உரையாடல்களுக்காக என்று போட்டிருந்தான். மூன்று வருடம் இருவரும் ஒரே மேஜையில் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு, உரையாடல் ஆகிவிட்டது.

ஆய்வகத்தில் ஒரு பிரபஞ்சத்தை உண்டாக்க முடியுமா என்பதுதான் கணக்கு. மிகச் சிறிய இடத்தில் அளவுக்கு மீறிய ஆற்றலை அடைத்தால் ஒரு குமிழி பிறக்கலாம். வெளியே நிற்பவருக்கு அது வெறும் கரும்புள்ளி. சற்று நேரத்தில் காணாமலும் போகும். உள்ளேயோ, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு விரிந்துகொண்டே போகும். நம் இடத்தில் நூலளவும் எடுத்துக்கொள்ளாது. இது புரிய அவளுக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. அவன்மேல் இருந்த வெறுப்பு அந்த இரண்டு அறை வீட்டில் அப்படித்தான் வளர்ந்திருந்தது, வந்துபோகும் மாமியார் கண்ணில்கூடப் படாமல்.

குமிழியின் சுவர் எந்தப் பக்கம் வளைகிறது என்ற பகுதி அவளுடையது. கட்டுரை ஆசிரியர் வரிசையிலிருந்து அவள் பெயரை நீக்கியவன், வீம்புக்கு அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டுத் தானே புதிதாகப் போட்டிருந்தான். வர்க்கமூலம் எடுத்த இடத்தில், கைப்பழக்கத்தில், கூட்டல் குறி. கழித்தல் வர வேண்டும். கூட்டல் என்றால் குமிழி விரியாது, சுருங்கிச் செத்துப்போகும். காலையில் அவன் ஒத்திகை பார்த்தபோதே கண்ணில் பட்டது. வாயெடுத்தாள். இதில் தலையிடாதே, கார் சாவியை மட்டும் எடுத்துக் கொடு என்றான். கொடுத்தாள்.

கேள்வி உண்டா என்றார் துறைத்தலைவி. அவள் எழுந்தாள். வீட்டில் நீ என்பவள், இங்கே மரியாதையைக் கூட்டினாள்.

"குமிழி விரியுதுன்னு சொன்னீங்க. அந்தச் சுவர்க் கணக்கைக் கொஞ்சம் பலகையில போட்டுக் காட்டுறீங்களா?"

அவன் முகம் இறுகியது. வெள்ளைப்பலகையில் இரண்டு வரி விறுவிறுவென்று எழுதினான். மூன்றாவதில் கூட்டல் குறி போட்டவன், சுவர் சுருங்குவதைக் கண்டு அதை அழித்தான்; கை அங்கேயே நின்றது.

"பொறந்த உடனே போயிடுச்சே சார், உங்க பிரபஞ்சம்" என்றார் முன்வரிசைப் பேராசிரியர். சிரிப்பு பரவியது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை, சொல்வான், அவ்வளவுதான். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"நீ போட்டப்போ எப்படி வந்துச்சு? சொல்லேன்."

நாக்கு நுனியில் இருந்தது அந்தக் கழித்தல். சொன்னால் குமிழி பிழைக்கும், அவனும் பிழைப்பான்.

"எனக்கென்ன தெரியும்? நான் சும்மா பேசிக்கிட்டிருந்தவதானே" என்று உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் மறுபடி பலகைப் பக்கம் திரும்பி, குறி வர வேண்டிய இடத்தில் பேனாவின் முனையை அழுத்தியபடி நின்றான். மை கசிந்து, வழவழத்த வெள்ளையில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.