வளையம் மூடாத குரல்

வீட்டில் அவனுக்கு இன்னமும் கடைக்குட்டி என்றுதான் பெயர். வயது முப்பத்தாறு, கழுத்தில் ஒலி ஆய்வாளர் என்று அட்டை தொங்குகிறது. பேச்சின் அலையை, சற்றே தாமதப்படுத்திய அதே அலையோடு சேர்த்து வரைந்தால் திரையில் ஒரு வளையம் விழும். 'ஆ'வுக்கு ஒரு வளையம், 'ஈ'க்கு வேறொன்று. வளையத்தை வைத்து ஒலியைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதுதான் அவன் பிழைப்பு.

அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து குரல் கரகரத்துவிட்டது. தன் பட்டறைக்கு வரும் போனை அவர் எடுத்தால், ஏதோ கோளாறு என்று எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள். தம்பியின் மெஷினாவது தன் பேச்சைப் புரிந்துகொள்ளாதா என்ற ஆசையில், மூன்று நாள் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து நானூறு ஒலிகளைப் பேசிக் கொடுத்தார்.

அவற்றில் ஒரு வளையமும் ஒழுங்காக மூடவில்லை. அதனால் கணினியின் மதிப்பெண் எண்பத்தொன்றைத் தாண்டாமல் நொண்டியது. அறிக்கைக்கோ கெடு நெருங்கிவிட்டது. நம் மகா புத்திசாலி என்ன செய்தான்? நானூற்றுக்கும் 'இரைச்சல்' என்று பெயர் போட்டுக் கணினிக்குப் பாடம் நடத்திவிட்டான். மதிப்பெண் தொண்ணூற்று மூன்றுக்குத் துள்ளியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள், இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஆய்வுக்கூடத்தின் பார்வையாளர் நாளன்று அண்ணனும் அண்ணியும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாராவது வந்து பேசிப் பாருங்க," என்றார் துறைத்தலைவி.

"நீங்க போங்க," என்று அண்ணி கணவரைத் தள்ளினாள்.

தடுக்க வேண்டும் என்று கடைக்குட்டிக்குத் தோன்றியது, ஆனால் தடுக்கவில்லை. அண்ணன் மைக்கை இழுத்து வைத்து "ஆ" என்றார். 'பேச்சு அல்ல, இரைச்சல்' என்றது திரை. "ஈ" என்றார். அதற்கும் அதே பதில். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"மெஷின் மேல தப்பில்ல மேடம்," என்றார் அண்ணன். "என் தொண்டைதான் இன்னைக்குச் சரியில்ல."

கடைக்குட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் செய்த அயோக்கியத்தனத்துக்கு அண்ணன் சாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இந்த மாதிரிக் குரல் உங்க பதிவுல இல்லையா?" துறைத்தலைவி இவனைப் பார்த்தார்.

"இருக்கு மேடம். நான்தான் இரைச்சல்னு போட்டேன். மார்க் குறைஞ்சுது."

"எத்தனை?"

"அண்ணன் பேசினது எல்லாமே. நானூறும்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் மைக்கை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். தம்பியிடம் வந்து, பிறர் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா. இன்னும் கொஞ்சம் தெளிவா பேசியிருப்பேனே."