ரலிட்சாவின் தாளில் எக்ஸ்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் வலது மணிக்கட்டுதான் முழுப் பொறுப்பு. அது மார்ச் முதல் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, ஆறு வாரம் விடுப்பு. இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் அதைக் கலை என்று நினைத்துவிடாதீர்கள். விரல் வலித்திருக்கும், அவ்வளவுதான்.

என் பெயர் ஸ்னெஷானா. செவ்லியெவோ என்ற சின்ன ஊரில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பத்தொன்பது வருடமாக, பக்கத்து ஊரான கப்ரோவோவில் நடக்கும் கணக்குப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். பிள்ளைகளைத் தயார் செய்வது சுலபம். பெற்றோரைத் தயார் செய்வதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கதையின் முக்கியமான இருபது நிமிடத்தில் நான் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். எழுதுகிறவளே இல்லாத இடத்தில் கதை நடந்தால் என்ன செய்வது? பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்:

"மார்ச் மாத இளவெயில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் பொன்னாக"

(வெயிலும் இல்லை, பொன்னும் இல்லை. அன்று காலை மைனஸ் நான்கு டிகிரி. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"ரலிட்சா மூன்றாம் வகுப்பிலேயே மிகப் புத்திசாலியான சிறுமி."

(இது பொய். புத்திசாலி சமுயில். ரலிட்சா பிடிவாதக்காரி. கணக்குப் போட்டிக்குப் பிடிவாதம்தான் உதவும் என்று நான் நம்புகிறேன். ஆனால் சமுயிலின் அம்மா ஸ்லாட்டினா இதைப் படிப்பாள். அவளிடம்தான் நான் முடி வெட்டிக்கொள்கிறேன். இதையும் அடித்திருக்க வேண்டும். விரல் வலிக்கிறது, இருக்கட்டும்.)

மூன்றாவது தொடக்கம்தான் சரி. அது ஒரு வீட்டுக்கணக்குத் தாளில் இருந்தது.

3

ஒவ்வொரு திங்களும் போட்டிப் பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு கொண்ட தாள் கொடுத்தனுப்புவேன். ஜனவரியில் கொடுத்த தாளில் இப்படி ஒன்று: பண்ணையில் கோழியும் முயலுமாக இருபது தலை, ஐம்பத்தாறு கால். கோழி எத்தனை, முயல் எத்தனை?

ஒன்பது வயதுப் பிள்ளை இதை எப்படிப் போட வேண்டும் என்றால், எல்லா முயலையும் பின்னங்காலில் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். இப்போது தலைக்கு இரண்டு கால், ஆக நாற்பது. மிச்சம் பதினாறு கால் அந்தரத்தில் நிற்கிறது. அது முயல்களின் முன்னங்கால். அப்படியென்றால் எட்டு முயல், பன்னிரண்டு கோழி. ரலிட்சாவின் தாளில் ஒரு முயல்கூட எழுந்து நிற்கவில்லை. அழகான எழுத்தில் எக்ஸ் கூட்டல் ஒய் சமம் இருபது என்று இருந்தது.

"ரலிட்சா, இந்த எக்ஸ் யாரு?"

"அதுவா டீச்சர், அது அப்பா போடுறது. நான் பார்த்து எழுதுனேன்."

அப்பா ஒக்னியான் லாரி ஓட்டுகிறார். நாட்கணக்காக ஆஸ்திரியா, ஜெர்மனி என்று சுற்றிவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். சாயங்காலம் எங்காவது வண்டியை ஓரங்கட்டிவிட்டு மகளைப் போனில் அழைப்பார். அவள் கணக்கைப் படித்துக் காட்டுவாள், அவர் போட்டுக் கொடுப்பார்.

இது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்புதான். பெரியவர்களுக்குச் சின்னப்பிள்ளைக் கணக்கு போடத் தெரியாது. எக்ஸ் இல்லாமல் கை ஓடாது. அவர்களுக்கு விடை வந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் வராது.

4

பெற்றோர் கூட்டம் போட்டேன். பதினான்கு வீட்டுக்காரர்கள், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒக்னியான் ஆஸ்திரியாவில் லின்ஸ் பக்கத்து வண்டி நிறுத்தத்திலிருந்து போனில் வந்தார். போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்திருந்தோம்.

"இன்னையிலேருந்து யாரும் எக்ஸ் போடக் கூடாது. யாரும் பிள்ளைக்குப் போட்டுக் குடுக்கவும் கூடாது" என்றேன்.

"எக்ஸ் இல்லாம எப்படி டீச்சர்? ஸ்டியரிங்கைக் கழட்டி வச்சுட்டு வண்டி ஓட்டச் சொல்றீங்க" என்றது பூந்தொட்டி.

"முயலை எழுப்பி நிக்க வைங்க ஒக்னியான்."

"முயல் எதுக்கு டீச்சர் ரெண்டு கால்ல நிக்கப் போகுது?"

"ஏன் நிக்காது?" என்றாள் ஸ்லாட்டினா. "எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஆனா நாலு கால்ல நிக்கிறாரு. முயல் ரெண்டு கால்ல நின்னா என்ன கொறஞ்சு போச்சு?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அந்தச் சிரிப்போடு கூட்டத்தை முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. மறுநாள் ஒக்னியானைத் தனியாக அழைத்து, "நீங்க நிறுத்தலேன்னா ரலிட்சாவைப் போட்டிப் பட்டியல்லேருந்து எடுத்துடுவேன்" என்றேன்.

அவர் என்ஜினை அணைப்பது போனில் கேட்டது. பிறகு, "சரி டீச்சர்" என்றார்.

(இந்த இடத்தில் நான் வில்லியாகிறேனா? பத்தொன்பது வருட அனுபவம் என்று ஒரு பத்தி எழுதி, படித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். சொன்னது நியாயம். சொன்ன விதம் மோசம்.)

அதற்குப் பிறகு ரலிட்சாவின் தாள் பாதி காலியாக வந்தது. போட்டிருந்த பாதி அவளே போட்டது. டீச்சராக எனக்குச் சந்தோஷம். பிப்ரவரியில் ஒருநாள் இடைவேளையில் அவளிடம் கேட்டேன்.

"அப்பா போன் பண்றாரா?"

"பண்றாரு டீச்சர். சாப்பிட்டியான்னு கேக்குறாரு. சாப்பிட்டேன்னு சொல்றேன். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருக்கோம்."

"சும்மான்னா?"

"வச்சிடுறாரு."

இந்தக் கதையில் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. அந்த மனிதருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சை நான் எடுத்துவிட்டேன். அது திரும்பக் கிடைத்ததா? நான் எழுதுவதே அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

5

இனி என் மணிக்கட்டு.

பரீட்சைக்குக் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் செம்புப் பாத்திரத்திலிருந்து தண்ணீர் ஊற்றாமல் எங்கள் ஊரில் எவரும் அனுப்ப மாட்டார்கள். காரியம் தண்ணீராக ஓட வேண்டும். வழக்கமாக அவரவர் வீட்டு வாசலில் ஊற்றுவார்கள். அதனால் பிள்ளைகள் நனைந்த காலோடு தாமதமாக வந்து சேரும். இந்த வருடம் நான்தான் பெரிய யோசனைக்காரி போல, "எல்லாரும் ஆறரைக்கு ஸ்கூல் படிக்கட்டுலயே மொத்தமா ஊத்திடலாம்" என்று அறிவித்தேன்.

பதினான்கு குடும்பம், பதினான்கு செம்பு, மைனஸ் நான்கு. ஒருவருக்குக்கூட, கணக்கு டீச்சரான எனக்குக்கூட, இதன் விடை தோன்றவில்லை. பிள்ளைகள் உறைந்துபோன படிகளில் சறுக்கிக்கொண்டு குஷியாக இறங்கி மினிபஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கடைசியாகப் பெயர்ப் பட்டியலோடு நான் இறங்கினேன். மூன்றாவது படி வரை நினைவிருக்கிறது.

"டீச்சருக்குக் காரியம் நல்லாவே ஓடிடுச்சு" என்றபடி ஸ்லாட்டினா என்னைத் தூக்கித் தன் காரில் போட்டாள்.* பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் போயாக வேண்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் சனிக்கிழமையும் வேலை. அந்த வாரம் ஊரில் இருந்தவர், கையில் காலிச் செம்போடு நின்றுகொண்டிருந்தவர், ஒக்னியான்.

"நான் போறேன் டீச்சர்" என்றார். "எதுவும் போட்டுக் குடுக்க மாட்டேன்."

பட்டியலை இடது கையால் நீட்டினேன். மன்னிப்பு கேட்க நல்ல தருணம். "சமுயிலுக்கு வாந்தி வரும், முன்னாடி உக்கார வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

* மார்ச் பிறந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் கையில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொள்வோம்; ஆஸ்பத்திரியில் என் வலது கையிலிருந்த அந்த நூலை அறுக்கக் கத்தரியை எடுத்தார்கள். வசந்தத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்க்காமல் நூலை எடுக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். "இந்த சன்னலுக்கு நாரை வராதும்மா, கையை நீட்டுங்க" என்றார் டாக்டர். பிறகு அவரே அதை இடது கையில் கட்டிவிட்டார். நல்ல மனிதர்.

6

கப்ரோவோவில் நடந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான். போட்டி இரண்டு மணி நேரம். ரலிட்சா இருபது நிமிடம் முன்னதாகவே வெளியே வந்துவிட்டாள். நேராக மினிபஸ்ஸில் ஏறினாள். உள்ளே அப்பா இருந்தார். டிரைவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தை நான் மூன்று விதமாக எழுதினேன்.

அ. மகள் கண்ணாடி ஆவியில் கோடு போட்டுக் கடைசிக் கணக்கை அப்பாவுக்குச் சொல்லித் தருகிறாள். அப்பா, "அட, எக்ஸே வேண்டாமா!" என்கிறார். (எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால் பாடநூல் வாசனை அடித்தது.)

ஆ. மகள் அழுகிறாள். கடைசிக் கணக்கு வரவில்லை, அதனால்தான் சீக்கிரம் வந்துவிட்டாள். அப்பா தோளில் (சமுயில் சாட்சி சொன்னான்: "அவ அழல டீச்சர். அழுதா மூக்கு செவக்கும். செவக்கல.")

இ. இருவரும் சும்மா இருக்கிறார்கள். (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படியும் நடந்திருக்கலாம். முழுப் பக்கம் காலியாக விட்டேன், அப்புறம் அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.)

ஒக்னியானையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். ஹங்கேரியில் எங்கோ இருந்தார்.

"என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பெருசா இல்ல டீச்சர். பஸ்ல ஹீட்டர் சரியில்ல." பிறகு அவரே, "நீங்க எழுதுறீங்களாமே. நான் அந்தக் கணக்கைப் போட்டுட்டேன்னு எழுதிடுங்க" என்றார்.

"போட்டீங்களா?"

"எழுதுறதுக்கு என்ன டீச்சர், எழுதுங்க."

(போட்டி முடிவு வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேரில் சமுயில் ஒன்பதாவது, ரலிட்சா இருபத்தாறாவது. சிக்கனத்துக்குப் பேர் போன கப்ரோவோக்காரர்கள் மார்க்கை மட்டும் வாரியா கொடுக்கப் போகிறார்கள்? எங்களுக்கு இது கொண்டாட வேண்டிய முடிவு. கொண்டாடினோம்.)

7

நேற்று மத்தியானம் ஸ்லாட்டினா சூடான பனிட்சா பலகாரத்தோடு பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சமுயில் பாலாடைக்கட்டி நிறைய இருக்கிற துண்டுகளாகப் பார்த்துத் தின்றான். ஸ்லாட்டினா என் தலைமுடியைப் பார்த்து, "இந்தக் கையோட நீங்களே சீவிக்கிட்டீங்களா? தெரியுது" என்றாள். வீடு நிறைந்திருந்தது. எனக்கு நன்றாக இருந்தது.

ரலிட்சா மேசைமேல் நான் அச்செடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்து அ, ஆ இரண்டையும் படித்தாள்.

"இது நடக்கல டீச்சர்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டும்."

"அப்ப என்னதான் நடந்துச்சு? சொல்லேன், எழுதிடுறேன்."

யோசித்தாள். பிடிவாதக்காரி என்றேனே, அவள் முகத்தில் அது முதலில் தாடையில் தெரியும். என் பென்சிலை எடுத்து, என் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்:

*மினிபஸ்ஸில் அப்பாவும் மகளும் இருபது நிமிடம் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து பதினொரு வாக்கியம் பேசினார்கள். அப்பா மகளைவிட ஐந்து வாக்கியம் குறைவாகப் பேசினார். ஆளுக்கு எத்தனை?*

"போடுங்க" என்றாள்.

"இதை நீயா எண்ணுனே?"

"அப்பாவும்தான். நேத்து போன்ல உக்காந்து ரெண்டு பேரும் எண்ணுனோம். ஒண்ணு வாக்கியமா இல்லையான்னு சண்டை. அரை மணி நேரம்." பனிட்சாவைக் கடித்துக்கொண்டே, "இன்னைக்கு அவர் எனக்கு ஒண்ணு அனுப்பியிருக்காரு. பார்டர்ல நிக்கிற லாரி கணக்கு. ரொம்பக் கஷ்டம். ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டேங்கிறாரு" என்றாள். குறை சொல்கிற குரல்தான். முகம் அப்படி இல்லை.

குனிந்து இடது கையால் கோடு போட்டேன். கோணலாக வந்தது. மேலே அப்பாவின் கோடு. கீழே அதே நீளத்தில் மகளின் கோடு, அதோடு ஒட்டிய ஐந்து. பதினொன்றிலிருந்து ஐந்தை எடுத்தால் ஆறு. ஆறில் பாதி மூன்று.

"நீ எட்டு. அப்பா மூணு."

"சரி" என்றாள், நான் தாளில் போடுகிற அதே தினுசில் ஒரு டிக் போட்டாள்.

"அந்த மூணும் என்ன?"

"அது கணக்குல கேக்கல டீச்சர்."

அவர்கள் போய்விட்டார்கள். மகளின் எட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒன்பது வயதுப் பெண் எட்டு வாக்கியத்தில் என்னவெல்லாம் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் மூன்றைத்தான் நேற்றிரவிலிருந்து எழுதி எழுதி அடிக்கிறேன். எது எழுதினாலும் டீச்சர் பேசுகிற மாதிரியே வருகிறது. நீங்கள் யாருக்காவது அப்பாவாக இருந்தால், அல்லது அதிகம் பேசாத ஓர் அப்பாவுக்குப் பிள்ளையாக இருந்திருந்தால், உங்களுக்கு வரலாம். இடம் விட்டிருக்கிறேன். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.

அப்பா: ...............................

அப்பா: ...............................

அப்பா: ...............................