வெற்றுக் காய்

பைக்குள் விட்ட கையை எலோஹோ சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் புரூமே தலை நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன, உள்ள தேளு கீளு இருக்கா?”

“ஒண்ணுமில்ல. நீ உன் வேலயப் பாரு.”

மறுபடி கையை விட்டாள். விதிப்படி பையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் எடுத்தாள். ஆனால் எடுத்த ஏழு காயையும் பலகைத் தட்டில் அடுக்குவதற்கு முன்பே அவளுக்கு அவை இன்னின்ன எழுத்து என்று தெரிந்துவிட்டது. காரணம் எளிது. எழுத்துக் காய்களைக் கோத்துப் பலகையில் ஆங்கிலச் சொல் அமைக்கும் இந்த ஆட்டத்தின் தேர்வுகளுக்கு வழக்கமாக வழுவழுப்பான பிளாஸ்டிக் காய்கள்தான். தடவினால் ஒன்றும் புரியாது. இன்று அவற்றை ஏற்றி வந்த கார் பாதி வழியில் நின்றுபோனதாம். ஆட்டத்தை நடத்தும் தோபோரே யாரிடமோ இரவல் வாங்கி, பழைய மரக்காய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எழுத்துகளை ஆழமாகச் செதுக்கிய காய்கள். “பையத் தூக்கிப் பிடிங்க, மூஞ்சியத் திருப்பிக்கோங்க. எல்லாம் நியாயமாத்தான் நடக்கும்,” என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

எலோஹோ எஃபுருன் நகரச் சந்திப்பில் பன்னிரண்டு வருடமாகத் தலை பின்னுகிறவள். கண்ணால் பார்க்காமலே வகிடு எடுக்கும் விரல்கள். விலை கூடிய முடி என்று யாராவது வாங்கிக்கொண்டு வந்தால் ஒரு இழை தொட்டதும், “ஏமாந்துட்டீங்க அக்கா,” என்று சொல்லிவிடுவாள். அந்த விரல்களுக்குச் செதுக்கிய எழுத்து ஒரு பெரிய விஷயமா? புரூமேவின் கை வேறு மாதிரி. அவன் அவள் கடைக்குப் பக்கத்திலேயே டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். சூடேறிய இரும்பையும் ரப்பரையும் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், கொதிக்கிற சட்டியை வெறும் கையால் இறக்கிவைப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இது அவளுக்கு மட்டும் கிடைத்த வசதி. வேண்டாமென்று கையைக் கழற்றி வைக்கவும் முடியாது.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, பக்கத்து மேசைகளில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. அதோடு, “என் விரல் படிக்குது” என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா? இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

மாநில அணியில் ஆறு பேர். ஐந்து பேர் நேற்றே முடிவாகிவிட்டார்கள். ஆறாவது இடத்துக்கு மிஞ்சியது புருஷனும் பெண்டாட்டியும். இருபத்தெட்டுப் பேர் ஆடிய தேர்வில் இப்படி அமைந்ததைப் பார்த்து மண்டபமே கைகொட்டிச் சிரித்தது. “இன்னைக்கு ராத்திரி யாரு வீட்ல சமைக்கப் போறாங்க?” என்று ஒருவன் கத்தினான். புரூமேவும் சேர்ந்து சிரித்தான். ஆனால் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஒரு காலத்தில் அவள் எழுத்து சொல்கிறவள் மட்டும்தான். காலையில் அகாரா வடைக்குக் காராமணி மாவை எண்ணெயில் விட்டுக்கொண்டே நோட்டைப் பார்த்து, “ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி” என்பாள். பல் தேய்த்துக்கொண்டிருக்கும் புரூமே அந்த ஏழு எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, பத்துக்குக் குறையாமல் சொற்களை வரிசையாகக் கொட்டுவான். பாதிக்கு அர்த்தம் கேட்டால் அவனுக்கும் தெரியாது, நோட்டை வைத்திருக்கிறவளுக்கும் தெரியாது. அர்த்தத்துக்கு யாரும் புள்ளி தருவதில்லை. இரண்டு வருடம் போனது. அவன் வாயைத் திறப்பதற்கு முன் அவள் உதடு அசையத் தொடங்கியது. மூன்றாம் வருடம் சத்தமாகவே சொன்னாள். கடையிலும் முணுமுணுப்பு ஓயவில்லை. “ஏம்மா, நீ என் தலய பின்றியா, இல்ல பள்ளிக்கூடம் நடத்துறியா?” என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

அவனை முதன்முதலாக அவள் தோற்கடித்தபோது புரூமே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஐந்தாவது முறைக்குப் பிறகு சிரிப்பு நின்றது. அப்போது ஒருநாள் அவன் தப்பான சொல் ஒன்றை வைத்தான். அவளுக்குத் தெரியும், பேசாமல் விட்டுவிட்டாள். எதிராளி ‘சேலஞ்ச்’ என்று கேட்காமல் விட்டால் தப்புச் சொல்லும் நின்றுவிடும், அதுதான் ஆட்டத்தின் சட்டம். அவன் ஜெயித்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. பலகையை மடித்துப் பரணில் போட்டவன் ஒரு வாரம் எடுக்கவில்லை. “நான் என்ன பிச்ச கேட்டேனா கெவ்வே அம்மா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அந்தக் கேள்வி அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்பது வருடமாக அவன் இந்தத் தேர்வுக்கு வருகிறான். ஒன்பது முறையும் ஏழாவது, எட்டாவது. அணிக்குக் கொடுக்கும் ஜாக்கெட்டை மாட்ட வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறான். வேறு எதையும் அதில் மாட்ட விடமாட்டான். இன்று காலை மகள் கெவ்வே, “ஜாக்கெட் உனக்கு வருமா, அம்மாவுக்கு வருமா?” என்று கேட்டதற்கு, “நம்ம வீட்டுக்கு வரும்டி,” என்றான். நம் வீட்டுக்கு வருவது எலோஹோவுக்குப் போதாது. அது தன் முதுகில் ஏற வேண்டும், தன் அளவில் தைத்திருக்க வேண்டும். அப்படி ஆசைப்படுவது அவளுக்கே பயமாக இருந்தது.

ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. ஒவ்வொரு முறை பைக்குள் கை போகும்போதும் எலோஹோ விரல்களை மடக்கி, கணுக்களால் தள்ளி, கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டாள். கடைசிக் கட்டம். முப்பத்தொரு புள்ளி அவளுக்கு முன்னிலை. பையில் மூன்று காய், அவள் எடுக்க வேண்டியது இரண்டு. இரண்டு வெற்றுக் காய்களில் ஒன்று இன்னும் வெளியே வரவில்லை. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய காய் அது. கையில் இருந்தால் பாதி ஆட்டம் கையில் இருப்பது போல.

மூன்றே காய் இருக்கும் பையில் கணுவால் எப்படித் துழாவுவது? விரல் பட்டது. வழவழப்பு. இரண்டு பக்கமும் செதுக்கு இல்லை.

ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சந்திப்பில் நடந்துவிட்டாள். பிறகு விரலை விலக்கி மற்ற இரண்டையும் எடுத்தாள். திருட மனம் வரவில்லை. அப்படித்தான் நினைத்தாள். பையைக் கீழே வைக்கும்போதே, அது திருட்டுக்குப் பயந்தா, இல்லை அவனுக்காகவா என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவனுக்காக என்றால் அது மறுபடி அந்தப் பிச்சைதானே?

புரூமே ஒற்றைக் காயை வைத்துவிட்டு, பையில் மிஞ்சியதை எடுத்தான். பார்த்ததும் அவன் காது மடல் அசைந்தது. எலோஹோவின் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. கிடைத்த இடத்தில் நான்கு காயை வைத்துப் பொத்தானைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் தாளில் அடித்துவிட்ட எழுத்துகள் போக மிச்சத்தை எண்ணினாள். அவன் தட்டில் இருப்பவை இ, எல், எம், ஓ, ஆர், யு, அதோடு வெற்றுக் காய். ஏழையும் ஒரே தடவையில் வைப்பவருக்கு ஐம்பது புள்ளி கூடுதல். பலகையின் வலது ஓரத்தில் ஏழு எழுத்தும் கொள்ளும் இடம் ஒன்றுதான். அதுவும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கினால்தான் ஒட்டும்.

வெற்றுக் காயை டி என்று வைத்துக்கொண்டால் ஆர், இ, எம், ஓ, யு, எல், டி: ரீமோல்டு. தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டி மறுபடி விற்பார்களே, அந்தச் சொல். அவன் கடைக் கூரைமேல் நிற்கும் போர்டில் அவனே தன் கையால் சிவப்புச் சாயத்தில் எழுதிவைத்த சொல். தினமும் அதன் நிழலில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிடுகிறார்கள்.

முடிந்தது, இப்போது வைத்துவிடுவான். ஒரு பக்கம் வைத்துவிடக்கூடாதே என்று இருந்தது, இன்னொரு பக்கம் வைத்துத் தொலையேன் என்று இருந்தது. அவன் வைத்துவிட்டால் அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

புரூமே காய்களை மாற்றினான், திரும்ப மாற்றினான். நெற்றி வியர்வை மேசையில் சொட்டியது. கடைசி நிமிடத்தில் ஏழையும் எடுத்து வலது ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தான். வெற்றுக் காயைக் காட்டி, “எஸ்” என்றான். ருமோல்ஸ்.

அப்படி ஒரு சொல் இல்லை. எத்தனை காலை, எத்தனை நோட்டு, அவள் வாயால் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. இல்லை என்றுதான் அவள் நம்பினாள். அவன் கடிகாரத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். புருவம் தூக்கவில்லை, கால் ஆட்டவில்லை. பொய்ச் சொல் வைக்கும்போது எல்லோரும் செய்யும் எந்தப் பாவனையும் இல்லை. வெறுமனே பார்த்தான். அன்று பிச்சையா கேட்டேன் என்று கேட்டவன் இப்போது கேட்கிறானோ? இல்லை, பதற்றத்தில் நிஜமாகவே இதை ஒரு சொல் என்று நம்பிவிட்டானோ? பதினான்கு வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆணியில் ஜாக்கெட் ஏறிவிடும். ஒரு நாள், என்றைக்காவது ஒரு நாள், கடைவாசலில் நின்று கூரையை நிமிர்ந்து பார்ப்பான். அன்றைக்கு அந்த ஜாக்கெட் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தன் விரல் நுனியைக் கட்டை விரலால் தேய்த்தாள். வழவழப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

கடிகாரத்தை நிறுத்தினாள். “சேலஞ்ச்.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசைகள் திரும்பின. தோபோரே மூலையில் இருந்த கணினியைக் கை காட்டினார். அங்கே வழக்கம் இதுதான்: இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். கேட்டவர் சொல்லைத் தட்ட, வைத்தவர் கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும். சொல் இருந்தால் திரை பச்சையாகும், இல்லாவிட்டால் சிவப்பு; சிவப்பானால் வைத்தவர் காய்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு தன் முறையை இழக்க வேண்டும். தீர்ப்பை வேறு யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

மேசைகளுக்கு நடுவே இரண்டு பேரும் நடந்தார்கள். வழி குறுகலாக இருந்ததால் தோள் உரசியது. பாதி வழியில் ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி நின்றது, அதன் பின்னால் மாற்று டயர் ஒன்று தொங்கியது. புரூமே நின்றான். அவன் உதடு மெல்ல அசைந்தது.

“கெவ்வே அம்மா.”

“ம்.”

“நம்ம கடை போர்டு.”

அவள் திரும்பவில்லை. நேராகப் போய்க் கணினி முன் உட்கார்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள். அவன் பின்னால் வந்து நின்றது மூச்சிலேயே தெரிந்தது.

“நீ எப்ப பாத்த?” என்று கேட்டான்.

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் பையில் விட்டுவந்ததையும் சொல்ல வேண்டிவரும். ஏழாவது எழுத்தையும் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்து அவனுக்கு வழிவிட்டாள்.

“அழுத்துப்பா, மத்தவங்களும் வரணும்ல,” என்றார் தோபோரே.

புரூமே கையை நீட்டினான். எந்த சோப்புக்கும் போகாத ரப்பர்க் கரி நகத்தைச் சுற்றிப் படிந்திருந்த அந்த விரல், பொத்தானுக்கு ஓர் இழை மேலே நின்றது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.