ஈ காக்கைக்கும் தெரியாமல்

"ஆருக்கு எண்டு பார்மசியிலை கேட்டவையோ?"

"ஓம். எனக்குத்தான் எண்டு சொல்லிச் சமாளிச்சன்."

என் கணவர் கிருஷாந் இதைப் பெருமையோடு வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக நெஞ்செரிவும் ஓங்காளமும் சத்தியுமாகக் கிடப்பது நான். வயிற்றில் எட்டு வாரப் பிள்ளை. மருந்து வாங்கும்போது மட்டும் நோயாளி அவர்!

போன வருடம் பத்தாவது வாரத்தில் பிள்ளை கலைந்தது. ஊர்க் கண்பட்டுத்தான் என்று என் மாமி, கிருஷாந்தின் அம்மா, முடிவு கட்டிவிட்டார். அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை இணுவில் ஊரில் ஈ காக்கைக்கும் தெரியக்கூடாதாம். வீடு வீடாக வரும் மருத்துவிச்சியிடம்கூடப் பதியவில்லை. அவருடைய ஸ்கூட்டி வாசலில் நின்றால் பின்னேரத்துக்குள் கோயிலடிவரை செய்தி போய்விடுமாம். நான் சத்தி எடுக்கும்போதெல்லாம் மாமி ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

பெட்டியைத் திறந்தேன். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளிசை. உள்ளே மடித்திருந்த தாளை வாசித்தேன். அஸ்பிரின் கலந்தது, கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று இருந்தது. தாளை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதை வாசிச்சனீங்களோ?"

"நெஞ்செரிவுக்கு நல்லது எண்டுதானே தந்தவர்..."

"உங்கடை நெஞ்செரிவுக்கு!"

மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "மெல்லக் கதை பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும் மாமி. போன முறை ஆரின்ரை கண்ணும் படேல்லை. இந்த முறை ஏதும் நடந்தால், அது நீங்கள் மூடி மறைச்சதாலைதான் நடக்கும்."

மருத்துவிச்சி அருந்ததிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாளும் சொல்லாததற்கு முதலில் ஏசினார்.

"குடிக்கிற தண்ணி தங்குதோ?"

"கொஞ்சம் கொஞ்சம் தங்குது மிஸ்."

"அந்தக் குளிசையைத் தொடாதையும். ஒரேயடியாச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடும். சாப்பிட்ட உடனை படுக்காதையும். உமக்குப் பொருத்தமான மருந்து கிளினிக்கிலை டொக்டர் தருவா. தண்ணியும் தங்காட்டில், சலம் போறது குறைஞ்சால், நிண்டு பாக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போம். நான் இப்ப வாறன்." கொஞ்சம் தயங்கினார். "போன முறை ஸ்கூட்டியை வாசலிலை விட்டதுக்கு உம்மடை மாமி என்னோடை கோவிச்சவ. ஸ்கூட்டியைப் பின் ஒழுங்கையிலை விடட்டோ?"

மாமியின் கை ரேடியோவுக்குப் போனது. நான் அதன் சத்தத்துக்கும் மேலாகக் குரலை உயர்த்தினேன்.

"வேண்டாம் மிஸ். எங்கடை கேற்றடியிலையே விடுங்கோ. வரேக்கை ஹோர்னையும் நல்லா அடிச்சுக்கொண்டு வாங்கோ!"