ஆளில்லாத லிஃப்டில் பாரம் அதிகம்

எங்கள் ஊருக்கு அடியில் ஓடும் வட்டச் சுரங்கத்துக்கு இறங்குகிற லிஃப்ட், உள்ளே ஈ காக்கை இல்லாதபோதும் "பாரம் அதிகம்" என்று சொல்லி நகர மறுத்தது; காரணம், உள்ளே பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் கேபிள் அம்மாவின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். அந்தக் கட்சியில் கடைசிவரை அவர் ஒருவர்தான் இருந்தார்.

சுரங்கத்தில் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைப்பார்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு வகைத் துகளுக்கும் கனமான ஒரு ஜோடி உண்டு என்ற கணக்கை நம்பி, அதைத் தேடப் புறப்பட்டவர் கேபிள் அம்மாவின் கணவர். ஊர் அவரை ஜோடிக்காரர் என்றது. தேடத் தொடங்கியபோது அவர் முடி கருப்பு. அது வெளுத்து, பிறகு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியும் போனது, ஜோடி மட்டும் கிடைக்கவில்லை. அது கண்ணிலும் படாது, கருவியிலும் படாது. மோதலில் இந்தப் பக்கம் தெறித்ததையும் அந்தப் பக்கம் தெறித்ததையும் கூட்டிப் பார்த்து, ஒரு பக்கம் குறைந்தால், கண்ணில் படாத ஏதோ ஒன்று அந்தப் பக்கமாக நழுவியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அல்லது, முடிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த அவர் மனைவி சொல்வதுபோல, "அந்தப் பக்கம் ஏதாவது கேபிள் கழண்டிருக்கும், போய்ப் பாருங்க." போய்ப் பார்த்தால் கழன்றுதான் இருக்கும். அதனால்தான் ஊருக்கு அவர் கேபிள் அம்மா.

ஒரு முறை வரைபடத்தில் மலைபோல ஒரு மேடு எழுந்தது. ஜோடி அகப்பட்டுவிட்டதென்று ஜோடிக்காரர் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டார். அம்மா வந்து ஒரு கேபிளின் செருகியைத் திருகி இறுக்கினார், மலை தரைமட்டமானது. அன்று முதல் வீட்டு சோபாவில் அவர் ஒரு கோடி, அம்மா ஒரு கோடி, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலி.

வருட முடிவுக்குள் ஏதும் அகப்படாவிட்டால் தேடும் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அகப்பட்டாலும், கேபிள் அம்மா ஆமாம் என்று சொல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகாது. இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினார்கள். ஜோடிகள் வந்தன, துகள்களுடையவை அல்ல, ஊர்க்காரர்களுடையவை: ஆளுக்கொன்று, கண்ணில் படாமல், கனமாக. முதலில் ஜோடிக்காரர் தனியாக லிஃப்டில் ஏற, அது அலறியது. அவர் சைக்கிளின் பின்சக்கரம் பலகைபோலப் படுத்தது. "சாப்பாட்டைக் குறைங்கன்னா கேட்டாத்தானே!" என்றார் அம்மா.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நம்மை ஆக்கியிருக்கும் துகள்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்த ஆசாமிகள். ஒன்றிருக்கும் இடத்தில் இன்னொன்றை விடாது. அவற்றின் ஜோடிகளோ, ஒரே இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் குவியும். அதனால் வருடக்கணக்காக முகம்கொடுத்துப் பேசாத முடிதிருத்துபவரும் தையல்காரரும் அவரவர் கடையில் முறைத்துக்கொண்டிருக்க, அவர்களுடைய ஜோடிகள் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து அதை முறித்தன. கேன்டீன் நாற்காலி ஒன்றில் ஒரு தெருவே உட்கார்ந்து, அது தரைக்குள் முழங்கால் அளவு இறங்கிவிட்டது. மிச்சப் பேர் லிஃப்டில். ஊழியர்கள் படியில் இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேபிள் அம்மா லிஃப்டின் கேபிளை மாற்றவைத்தார். பிறகு லிஃப்டையே மாற்றவைத்தார். புது லிஃப்ட், ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கும் முன்பே பாரம் அதிகம் என்றது. "மேடம், இனிமே மாத்தணும்னா பூமியைத்தான் மாத்தணும்" என்று மெக்கானிக் கும்பிடு போட்டார்.

வருடத்தின் கடைசி மாலை ஜோடிக்காரர் சோபாவில் தன் கோடியில் உட்கார்ந்து, "நாளைக்கு ஆபீஸ் ரூமைக் காலி பண்ணணும்" என்றார். சண்டைக்கு வரவில்லை என்பதுதான் அம்மாவை உறுத்தியது.

"உங்களைவிட எனக்குத்தான்யா அது இருக்கணும்னு ஆசை. அதனாலதான் எனக்கே பயந்துபோய் ஒவ்வொண்ணா திருகிப் பாத்தேன்."

அப்போது இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடம் மெதுவாக அமுங்கியது. கொஞ்சம் அமுங்கி நின்றது. பிறகு அதே இடம், ஓர் அங்குலம்கூட அகலாமல், இன்னும் ஒரு மடங்கு அமுங்கி ஸ்பிரிங் தரையைத் தொட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். மெத்தையைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை. சோபாவுக்கு அடியில் தலையை விட்டு, கையால் மூலை முடுக்கெல்லாம் தடவினார்.

"என்னம்மா தேடுற?"

"இதுல கேபிளே இல்லையே."

"இல்ல."

எழுந்து, அந்தப் பள்ளத்தையே பார்த்தார். ஓர் ஆள் அகலம், இரண்டு ஆள் ஆழம்.

"நாம இங்க ஆளுக்கொரு மூலையில முறைச்சுக்கிட்டு இருக்கோம், இதுங்க ரெண்டும் ஒரே இடத்துல! வெட்கங்கெட்டதுங்க." பிறகு பள்ளத்தை ஒட்டி, கணவர் பக்கமாக உட்கார்ந்தார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அதுங்களை நசுக்கிடாதீங்க. சரி, ஜோடி இருக்குன்னு ஒத்துக்கிறேன். நடந்ததுதான்."