செருப்பு ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம்

சட்டசபையில் மொத்தம் அறுபது பேர். முப்பது இந்தக் கட்சி, முப்பது அந்தக் கட்சி. ஜனங்கள் தராசில் நிறுத்த மாதிரி நிறுத்து அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சபாநாயகராக முப்பத்தொரு ஓட்டு வேண்டும். பதினெட்டு நாளில் இருபத்திரண்டு சுற்று ஓட்டு நடந்தும் முப்பதைத் தாண்டி யாருக்கும் ஒன்றுகூட நகரவில்லை. இரண்டு கட்சிக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சபாநாயகர் இல்லாத சபையில் ஓர் இரங்கல் தீர்மானம்கூடப் போட முடியாது, மற்ற வேலை எங்கே நடக்கும்?

அந்தப் பக்கத்து வேட்பாளர் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி இருபது வருஷம் ஆகியும், பேச எழுந்தால் ஒரு கை தானாக மேலே போய்க் கம்பியைத் தேடும். இந்தப் பக்கத்து வேட்பாளர் சர்வேயர். முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தவர், யாருக்காகவும் ஒரு கல்லை ஒரு விரற்கடை நகர்த்தி நட்டதில்லை. வயது எழுபத்துநாலு. எதிரிகூட அவரை ஒரு சொல் சொல்ல மாட்டான்.

அவருடைய மருமகளும் அதே சபையில், அதே கட்சியில், பதினாலாம் நம்பர் இருக்கையில் இருந்தாள். அது அவள் புருஷனின் இருக்கை. நாலு வருஷத்துக்கு முன் பிரசாரத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். அதுவரை அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டு நர்ஸாக இருந்தவளைக் கட்சி பிடித்து நிறுத்தியது, ஜெயித்தாள். இந்தத் தேர்தலிலும் ஜெயித்தாள். பிள்ளை இல்லை. பெற்றவர்களும் இல்லை. அந்த வீட்டில் மாமனாரும் அவளும்தான். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "தாயி"தான்.

மகன் போன பிறகு சர்வேயர் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருந்தது. அதைத் தாண்டிச் சபைப் பேச்சு உள்ளே வரக் கூடாது. "அரசியல் இந்த வீட்டுல ஒருத்தனைத் தின்னுருச்சு, தாயி. மிச்சம் இருக்கிறவங்களாவது சாப்பாட்டை நிம்மதியா சாப்பிடுவோம்." நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். நல்ல எண்ணம்தான் சில சமயம் குழி பறிக்கிறது, என்ன செய்ய.

அந்த நாற்காலியின்மேல் அவருக்கு ஆசை உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை. மகன்தான் சொல்லிக்கொண்டிருப்பான்: "அப்பாவை அந்த நாற்காலியில உட்கார வச்சுட்டுத்தான் எனக்கு மறுவேலை." அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் பதினெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கே ஓட்டுப் போட்டாள்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் பழைய வார்டிலிருந்து போன் வந்தது. சபை கூடிப் பணம் ஒதுக்காததால் மருந்து வரவில்லை. பத்து மெஷினில் மூன்றுதான் ஓடின. வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியவர்களுக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிது.

"அக்கா, தையல்காரர் மத்தியானம் போயிட்டார்" என்றாள் வார்டு சிஸ்டர். "நேத்து வந்திருந்தார்க்கா. நாளைக்கு வாங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

வார்டு நர்ஸுகள் எல்லாருக்கும் யூனிபார்ம் தைத்துக் கொடுத்த மனுஷன். ஆறு வருஷம் அவர் கையில் அவள் ஊசி ஏற்றியிருக்கிறாள். "இன்னும் யார் யார் தாங்க மாட்டாங்க?" என்று கேட்டாள். சிஸ்டர் நாலு பேரைச் சொன்னாள். நாலு பேரையும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சபைக்குக் கிளம்புமுன்பே ஜவுளிக்கடைக்காரரிடம் போனில் பேசினாள். அவரும் அவள் கட்சி, ஒன்பதாம் நம்பர். அவருக்கும் இந்த இழுபறி பிடிக்கவில்லை. "நான் முதல்ல கண்டக்டருக்குப் போட்டுடறேம்மா. நீங்க பின்னாலயே வந்துடுங்க. பழி ஆளுக்குப் பாதி" என்றார்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். சர்வேயர் வழக்கம்போல் முட்டையை உரித்து முதலில் அவள் தட்டில் வைத்தார்.

"தாயி..."

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. பின்கட்டுல குழாய் ஒழுகுது. ஆளைக் கூப்பிடணும்."

அவள் முட்டையைப் பிட்டாள், தட்டிலேயே வைத்தாள். "மாமா..."

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. நான் கூப்பிடறேன் ஆளை."

அந்த இரண்டு 'ஒண்ணுமில்ல'வில் ஒன்றாவது ஏதாவதாக இருந்திருக்கக் கூடாதா!

இருபத்துமூன்றாம் சுற்று. சபையில் யார் பெயரையும் சொல்லும் வழக்கம் இல்லை, எல்லாம் இருக்கை நம்பர்தான். செயலாளர் வரிசையாக நம்பரை அழைப்பார். எழுந்து, தான் விரும்பும் வேட்பாளரின் நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சர்வேயர் நாற்பத்தொன்று, கண்டக்டர் ஏழு. வேட்பாளர் இருவரையும் கடைசியில் அழைப்பார்கள். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் அப்போதுதான் பேசலாம்.

"ஒன்பது" என்றார் செயலாளர். ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார், இருமினார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "நாற்பத்தொன்று" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். துணிக்கடையில் முழம் போடும்போது சரியாகத்தான் போடுவாராம், ஆசாமி.

இனி பாதிப் பழி இல்லை, முழுப் பழி. அவளும் நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்? செத்துப்போன தையல்காரரா?

"பதினாலு."

எழுந்தாள். எதிரே மூன்றாவது வரிசையில் சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழு."

அவர் கை நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தப்பாக அளந்த நிலத்தை மறுபடி அளப்பவர்போல அவளைப் பார்த்தார். அவளைச் சுற்றி ஒரே கூச்சல். "மாமனார் சோத்தைத் தின்னுட்டு..." என்று ஒரு குரல். அவள் காதில் எல்லாம் விழுந்தது. ஆனால் ஒருத்தர் துணிந்தால் இன்னொருத்தருக்கும் முதுகெலும்பு முளைக்கும். அவள் கட்சியில் முப்பத்தேழும் ஐம்பத்திரண்டும் எழுந்து "ஏழு" என்றார்கள்.

கடைசியில் நாற்பத்தொன்றை அழைத்தார்கள். சர்வேயர் எழுந்தார். கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. வெறுங்கையாக வெளியே வந்தது.

"நாற்பத்தொன்று" என்றார்.

முப்பத்துமூன்றுக்கு இருபத்தேழு. பத்தொன்பது நாள் பூட்டு திறந்துவிட்டது. சர்வேயர்தான் முதலில் போய்க் கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் பெட்டி கட்டி முடித்திருந்தார். கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறாராம். காலையில் போட்டிருந்த சட்டை நாற்காலியில் கிடந்தது. அதைத் துவைக்க எடுத்தபோது பையில் காகிதம் தட்டுப்பட்டது. அவருடைய குண்டு கையெழுத்து. 'ஆஸ்பத்திரியில் உயிர் போகிறது. ஒரு நாற்காலிக்காக அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' அன்றைய தேதி.

காகிதத்தோடு அவரிடம் ஓடினாள். "மாமா! விலகறதா இருந்தீங்களா? என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவள் ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் அந்த மனுஷன் தன் கையாலேயே பூட்டைத் திறந்திருப்பார். ஊரே கைதட்டியிருக்கும். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

"அப்புறம் ஏன் அதை வாசிக்கல?" என்றாள், அழுகைக்கு நடுவில்.

சர்வேயர் சட்டத்தை மீறி, வீட்டுக்குள் நின்று, முதல் தடவையாகச் சபைப் பேச்சைப் பேசினார்.

"சுத்து நடுவுல வேட்பாளர் விலகினா அந்தச் சுத்தே செல்லாது. அந்த ஆளு போட்டியில்லாம ஜெயிச்சதா எழுதிடுவாங்க. நீ எந்திரிச்சு நின்னதுக்கு அர்த்தமே இல்லாம போயிருக்கும், தாயி. துரோகின்னு பேர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இப்ப உன் ஓட்டாலதான் சபை திறந்துச்சுன்னு இருக்கு. அது இருக்கட்டும்."

அவள் அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கோபமா போறீங்களா மாமா?"

"கோபமா இருந்தா நாலு நாள்ல திரும்பிடுவேனே" என்றார். "நீ செஞ்சது சரிதான். நானே செய்ய இருந்ததுதானே? ஆனா நீ 'ஏழு'ன்னப்ப எனக்கு என் பையன் ரெண்டாவது தடவையா செத்தான். உன் முகத்தைப் பாத்துக்கிட்டு சாப்பிட முடியும்னு தோணல."

செருப்பு ஸ்டாண்டுக்குப் போனார். குனிந்து மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது. நிமிர்ந்து, "மருந்து எப்ப வரும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஓட்டெடுப்பு. நாளான்னைக்கு வந்துடும்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரித் தீர்மானத்தை அவள்தான் கொண்டுவந்தாள். நாற்பத்தொன்றும் எழுந்து ஆதரவு சொன்னது. ஒருத்தர் பாக்கியில்லாமல் அறுபது பேரும் சரி என்றார்கள். நாலு பேர் பிழைத்துக்கொள்வார்கள். சபை கலைந்ததும் அவள் நடைவழியில் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, குழாய்க்கு ஆள் வந்து பாத்துட்டான்" என்றாள். வேறு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சர்வேயர் நின்றார். இரண்டு கையும் கூப்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"வணக்கம், பதினாலு" என்றார். "உங்க தீர்மானம் நல்லபடியா நிறைவேறுச்சு. ரொம்ப சந்தோஷம்."

பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, படியில் இறங்கிப் போனார்.